பாதிக் கோபுரம்

கோபுரத்தின் அடியில் நின்று மொரேனா சொல்லும் வாசகம் இருபது வருடத்துக்கும் மேலாக மாறவில்லை. "நீங்க ஏறிட்டு வாங்க. நான் ஏற மாட்டேன். நான் இன்னும் படிச்சு முடிக்கல." வந்திருப்பவர்கள் அவளுடைய நரை கலந்த கூந்தலைப் பார்ப்பார்கள், பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், பிறகு சிரிப்பார்கள். அவள் ஊரைச் சுற்றிக் காட்டும் மூன்று மணி நேரத்தில் அவ்வளவு நிச்சயமாகச் சிரிப்பு வரும் இடம் வேறு கிடையாது.

ஆனால் அது வேடிக்கைக்காகச் சொல்வதல்ல. இத்தாலியில், எங்கள் பொலோன்யாவில் படிக்கிற யாரும் பட்டம் வாங்கும்வரை அசினெல்லி கோபுரத்தில் ஏற மாட்டார்கள். ஏறினால் பட்டம் வராது. யார் சொன்னது, எப்போது சொன்னது என்றெல்லாம் எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. கடவுளே இல்லை என்று வாதாடுகிற பையன்கள்கூட அதன் வாசலைக் கடக்கும்போது கொஞ்சம் ஒதுங்கித்தான் நடப்பார்கள். பட்டம் வாங்கிய அன்று, தலையில் லாரல் இலைக் கிரீடத்தோடு, பாட்டும் கூச்சலுமாக மேலே ஓடுவார்கள். மொரேனா ஸனரினிக்கு நாற்பத்தேழு வயது. அந்த நாள் அவளுக்கு இன்னும் வரவில்லை.

பாக்கி இருந்தது ஒரே ஒரு தேர்வு. லத்தீன்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் தேர்வு என்றால் பெரும்பாலும் பேராசிரியருக்கு எதிரே உட்கார்ந்து வாயால் பதில் சொல்வதுதான். முடிந்ததும் அவர் முப்பதுக்கு இத்தனை என்பார். அது பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வரலாம், இன்னொரு முறை போய் உட்காரலாம். இருபத்துமூன்று வயதில் மொரேனாவுக்கு லத்தீனில் இருபத்துநாலு கிடைத்தது. அதுவரை இருபத்தெட்டுக்குக் கீழே அவள் வாங்கியதில்லை. வேண்டாம் என்றாள். கிழட்டுப் பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவளை ஒரு முறை பார்த்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

அடுத்த முறை அவள் தயாராவதற்குள் கிழவர் ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வந்தவர் பாடங்களை மாற்றினார். அவற்றைப் படித்து முடிக்கும் சமயத்தில் அப்பா படுக்கையில் விழுந்தார். செலவுக்காக வழிகாட்டி வேலைக்கு உரிமம் எடுத்தாள். வேலை நன்றாக ஓடியது, அதுதான் தப்பாகப் போயிற்று. ஒவ்வொரு வருடமும் பெயர் கொடுப்பாள், ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் ஒரு கூட்டம் வந்து இறங்கும். சில வருடங்கள் கூட்டம் வராமலும் அவள் போகாமல் இருந்திருக்கிறாள்.

இதையெல்லாம் மறந்துகூட இருந்திருப்பாள், வீட்டு வாசலில் அந்தப் பித்தளைப் பலகை இல்லாவிட்டால். அவள் இருபத்துநாலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த அன்று மாலை, நகரப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த அவளுடைய அப்பா அழைப்புமணிக்குப் பக்கத்தில் அதைத் திருகி மாட்டிக்கொண்டிருந்தார். 'டாக்டர் மொரேனா ஸனரினி'. எங்கள் நாட்டில் எந்தப் பட்டம் வாங்கினாலும் டாக்டர்தான். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் கடைசித் திருகாணியையும் முறுக்கிவிட்டு, "அதனாலென்ன, இன்னும் ரெண்டு மாசம்தானே" என்றார். அவர் இறந்து எத்தனையோ வருடம் ஆகிறது. பலகையைக் கழற்ற அவளுக்கு மனம் வரவில்லை. தபால்காரர் டாக்டர் என்கிறார். மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர் ஒரு நாள் முட்டிவலி என்று மணியடித்தார். மணி அடிக்கும்போதெல்லாம் பொய் சொல்லிப் பிடிபட்டது போல அவளுக்கு ஒரு கூச்சம்.

அவளுக்கு நாற்பத்தேழு வயதான அந்த வருடம் அறிவிப்பு வந்துவிட்டது. பழைய பாடத்திட்டத்தில் சேர்ந்தவர்களுக்குச் செப்டம்பர்த் தேர்வுதான் கடைசி. அதற்குப் பிறகு அவர்கள் அதுவரை தேறியது எதுவும் செல்லாது. மொரேனா கோடை முழுவதும் படித்தாள். விடுப்புக் கேட்டாள். சுற்றுலா அலுவலகத்தில், காலை மட்டும்தான், டென்மார்க்கிலிருந்து வருகிற வயதானவர்கள், ஒரு மணிக்கெல்லாம் கோபுரத்தடியில் விட்டுவிட்டுப் போய்விடலாம் என்றார்கள். தேர்வு மூன்று மணிக்கு. முடியாது என்றால் இலையுதிர்காலக் கூட்டங்கள் வேறு ஆளுக்குப் போகும் என்பதையும் இனிமையாகச் சொன்னார்கள்.

வந்தவர்கள் நல்லவர்கள். அதுதான் தொல்லை. கெட்டவர்களாக இருந்தால் அவசரப்படுத்தலாம். பெரிய சதுக்கத்தில் ஒவ்வொரு கல்லையும் படம் எடுத்தார்கள். தூண் வரிசைகளுக்கு அடியில் நடக்கும்போது, வெயிலே படாத ஊரா என்று வியந்து நின்றுவிட்டார்கள். அவர்களில் போடில் என்ற பெண்மணி எல்லோரையும்விடப் பெரியவள், எல்லோரையும்விட உற்சாகமானவள். பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவள். பழக்கடையில் பீச் பழங்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். கடைக்காரர் கையிலிருந்த தாளை மடித்து வைத்துவிட்டு மொரேனாவை முறைத்தார். எங்கள் ஊரில் பழத்தை வாங்குகிறவர் தொடக் கூடாது, காட்டினால் போதும். இருபது வருடமாக மொரேனா இதை எல்லாக் கூட்டத்துக்கும் முன்கூட்டியே சொல்கிறாள். இருபது வருடமாக யாராவது ஒருவர் அழுத்துகிறார்.

சந்தைத் தெருவில் ஓரியானோவின் கடை. பன்றித் தொடைகளும் மோர்த்தடெல்லா என்கிற அரைத்த இறைச்சி உருண்டைகளும் கூரையிலிருந்து தொங்க, அவன் நடுவில் நின்றுகொண்டு வெட்டுவான். மொரேனாவோடு பள்ளியில் படித்தவன்.

"டாக்டரம்மா வராங்க, வழி விடுங்கப்பா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னைக்குத்தானே?" என்றான்.

"மூணு மணிக்கு. பேசாம வெட்டு."

"ஓநாய் வாய்க்குள்ள போ."

தேர்வுக்குப் போகிறவரை எங்கள் ஊரில் அப்படித்தான் அனுப்புவோம், வாழ்த்தக் கூடாது, வாழ்த்தினால் காரியம் கெட்டுவிடும். போடில் என்ன விஷயம் என்று விசாரித்து, விஷயம் தெரிந்ததும் மொரேனாவின் இரண்டு கைகளையும் பிடித்து, வாய் நிறைய வாழ்த்தினாள். ஓரியானோ வெட்டுவதை நிறுத்திவிட்டு எச்சில் விழுங்கினான். இதைச் சமன்செய்வதற்கோ என்னவோ, போடிலுக்கு ஒரு கைக்குழந்தை அளவுக்குப் பார்மிஜானோ பாலாடைக்கட்டியை வெட்டி, காற்றுப் புகாமல் கட்டிக்கொடுத்தான்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதே நேரம் கையைவிட்டுப் போயிருந்தது. மாவைத் தேய்த்து நாடா நாடாவாக வெட்டிய தாலியத்தெல்லேயும் காலையிலிருந்து வெந்த இறைச்சிக் குழம்பும் மேசைக்கு வந்தன. ஒருவர், இந்த ஊர்ப் பெயரை வைத்த ஸ்பகெட்டி எங்கே என்று கேட்டார். அப்படி ஒன்று இந்த ஊரில் கிடையாது என்று மொரேனா விளக்கினாள். அவர் தம் ஊரில் அதை நாற்பது வருடமாகச் சாப்பிடுவதாகச் சொல்லி, அவளுக்காக இரக்கப்பட்டார். சாப்பாடு முடிந்து காப்பி என்றபோது எல்லோரும் கப்புச்சினோ கேட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பால், எங்கள் ஊரில் யாரும் செய்யாதது. பரிமாறியவர் மொரேனாவிடம் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டு, சாவுவீட்டுக்குப் போகிறவர் போல உள்ளே போனார். அந்தப் பால் நுரை பொங்குவதற்கே ஒரு யுகம் ஆயிற்று.

கோபுரத்தடிக்கு வந்தபோது இரண்டு மணி தாண்டியிருந்தது. மொரேனா தன் வாசகத்தைச் சொன்னாள், சிரித்தார்கள். எல்லோருக்கும் கை கொடுத்தாள். எதிர்ச் சுவரோரம் நிழலில் நின்று, பையிலிருந்து பாடத்தை எடுத்து இரண்டு பத்தி படித்திருப்பாள். டிக்கெட் பார்க்கும் கார்லெத்தோ வாசலிலிருந்து கையைக் காட்டினார்.

"மொரேனா, உன் ஆளுங்கள்ல ஒரு அம்மா நடுவுல உக்காந்துட்டாங்க. ஏறவும் மாட்டேங்கறாங்க, இறங்கவும் மாட்டேங்கறாங்க. மேல இருக்கறவங்க இறங்க முடியல. உன் பேரச் சொல்லித்தான் கூப்பிடறாங்க."

"நீங்க போங்களேன்."

"வாசல விட்டுட்டு நான் எப்படிப் போறது? தீயணைப்புக்குச் சொல்லட்டுமா? அவங்க வர ஒரு மணி நேரம் ஆகும்."

மொரேனா அவரைப் பார்த்தாள். அவருக்கும் தெரியும். அவள் வாசலைக் கடக்கும்போது அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

உள்ளே மரப்படிகள் நான்கு சுவரையும் ஒட்டி ஏறுகின்றன, நடுவில் வெறும் பள்ளம். தேய்ந்த பலகைகள். பாதி உயரத்தில் போடில் சுவரோடு சாய்ந்து, பாலாடைக்கட்டிப் பையை மார்போடு அணைத்து உட்கார்ந்திருந்தாள். முகம் சுண்ணாம்பாக இருந்தது. அவளுக்கு மேலே வரிசையாகக் கால்கள், கீழே வரிசையாகத் தலைகள்.

"எழுந்திருங்க போடில்."

"முடியல. கால் என் கால் மாதிரியே இல்ல."

"கீழ பாக்காதீங்க."

"அதான் பாத்துட்டேனே."

மொரேனா பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். ஏணியில் இறங்குவது போல முதுகைக் காட்டி இறங்கச் சொன்னாள். தான் கீழே நின்று, ஒவ்வொரு படிக்கும் போடிலின் கணுக்காலைப் பிடித்து வைத்தாள். சில படிகள் இறங்கியதும் போடில் மறுபடி நின்றுவிட்டாள்.

"ஏதாவது பேசுங்க. சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தா வருவேன்."

மொரேனாவுக்கு அந்த நேரத்தில் தலைக்குள் லத்தீனைத் தவிர ஒன்றும் இல்லை. மனப்பாடம் செய்திருந்த பகுதியை ஆரம்பத்திலிருந்து சொன்னாள்.

"அர்த்தம் என்ன?"

"ஒரு ஊரைச் சுத்தி முற்றுகை போட்டிருக்காங்க. காலை வைங்க."

"அர்த்தம் வேண்டாம். அப்படியே சொல்லுங்க."

முற்றுகை முழுவதும் முடிந்து, ஊர் விழுந்து, கைதிகளை வரிசையாக நிறுத்திய இடத்தில் தரை வந்தது. போடில் வெளியே வந்து கல் திண்டில் உட்கார்ந்ததும் முதலில் சொன்னது, "நீங்க ஏற மாட்டேன்னு சொன்னீங்களே" என்பதுதான்.

மொரேனா அதற்குள் தெருப்பக்கம் திரும்பியிருந்தாள். ஓடினாள்.

பல்கலைக்கழகத் தெரு கோபுரத்தடியிலேயே தொடங்குகிறது. ஆனால் அன்று ஏதோ துறையில் பட்டம் கொடுத்திருந்தார்கள். கிரீடம் வைத்த ஒரு பையனை முட்டையும் மாவும் பூசித் தூணில் கட்டி வைத்து, நண்பர்கள் தெருவை அடைத்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை இடித்துக்கொண்டு போனதில் மொரேனாவின் கையில் மாவு ஒட்டியது. மாடியேறி அறைக்குள் நுழைந்தபோது, காத்திருந்த மாணவர்கள் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். மேசையின் அந்தப் பக்கம் இருந்த பேராசிரியையை அவளுக்குத் தெரியும். இவானா தஸ்ஸினாரி. ஒரு காலத்தில் இரண்டு வகுப்பு கீழே படித்தவள். மொரேனாவிடம்தான் குறிப்புகளை வாங்கி நகலெடுப்பாள்.

பெயர் கூப்பிட்டாகிவிட்டது, ஆள் இல்லை என்று குறித்தும் ஆகிவிட்டது என்றாள் இவானா. நீங்க, வாங்க என்றுதான் பேசினாள்.

"ஒருத்தங்க கோபுரத்துல மாட்டிக்கிட்டாங்க. இறக்கிக் கொண்டுவர வேண்டியதாப் போச்சு."

"எந்தக் கோபுரம்?" இவானாவின் பேனா நின்றது. "அசினெல்லியா? இன்னைக்கா ஏறினே?"

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் தன் நாற்காலியை மெதுவாக ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டாள். இவானா தஸ்ஸினாரி லத்தீனில் மூன்று புத்தகம் எழுதியவள். அவள் முகத்தில் இருந்தது பரிதாபமில்லை, கலப்படமில்லாத பயம். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எதிர் நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காருங்க. அது என்ன பையில?"

"பாலாடைக்கட்டி. என்னுடையது இல்ல."

"தயவுசெஞ்சு வெளியில வைங்க. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

இவானா முற்றுகையைக் கேட்கவில்லை. ஒரு விதவை தன் சொத்தைப் பற்றி வழக்காடும் பகுதியைப் பிரித்துக் கொடுத்தாள். மொரேனா அதை ஜூலையில் படித்தாள், நன்றாகத்தான் படித்தாள். ஆனால் வாயைத் திறந்தால் கைதிகள்தான் வரிசையாக வந்தார்கள். ஒரு வினைச்சொல்லை இரண்டு முறை தப்பாகச் சொன்னாள். மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தும், வேறொன்றைச் சொன்னாள். மேசைமேல் வைத்திருந்த கையிலிருந்து மாவு உதிர்ந்துகொண்டிருந்தது.

"பதினெட்டு" என்றாள் இவானா. அதற்குக் கீழே போனால் தேர்ச்சி இல்லை. "அதுக்கு மேல என்னால முடியாது. ஏத்துக்கறீங்களா?"

மொரேனாவுக்குக் காதெல்லாம் சுட்டது. பதினெட்டு. இவ்வளவு வருடம் கழித்து, ஒரு கோடை முழுவதும் கண்விழித்து, தன் குறிப்பைப் பார்த்துப் படித்தவளிடமிருந்து பதினெட்டு. காலையில் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் இருபத்தேழுக்குக் குறையாது என்று அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்ற சொல் பழக்கத்தில் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. உதட்டைக்கூடக் குவித்துவிட்டாள். இவானா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எழுதுங்க" என்றாள் மொரேனா. கோபமாகத்தான் சொன்னாள்.

பாலாடைக்கட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று அவள் சந்தைக்குத் திரும்பினாள். நினைத்தது போலவே போடில் ஓரியானோவின் கடையில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து மோர்த்தடெல்லா தின்றுகொண்டிருந்தாள். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. இருந்தும் கோபுரத்துக் கதை முழுவதும் ஓரியானோவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"பதினெட்டு" என்றாள் மொரேனா, அவன் கேட்பதற்கு முன்பே. "வாங்கிக்கிட்டேன்."

ஓரியானோ கத்தியைக் கீழே வைத்தான். சந்தோஷப்படப் போகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் விரல்விட்டு எண்ணினான்.

"தேர்வுதானே முடிஞ்சுது. பட்டம் எப்போ?"

"நவம்பர்ல."

"அதுக்கு முன்னாடி ஏறிட்டியே."

எதிர்க்கடை மீன்காரி இஸோத்தா ஐஸைக் கொட்டிக்கொண்டே, வாசற்படியைத் தாண்டினால் ஏறினதுதான் என்று தீர்ப்புச் சொன்னாள். ஓரியானோ ஒத்துக்கொள்ளவில்லை. உச்சியைத் தொடாவிட்டால் எப்படி ஏறினதாகும், பாதிக் கிணறு தாண்டினவனைத் தாண்டினவன் என்று சொல்வோமா என்றான். அவன் உவமையே தப்பு என்று யாரோ சொன்னார்கள். மீன் வாங்க வந்த ஒரு வக்கீல், இன்னொருவரைக் காப்பாற்றப் போனது கணக்கில் சேராது என்றார். இஸோத்தா, கோபுரத்துக்கு அதெல்லாம் தெரியுமா என்றாள். தெரு முழுவதும் பேசியது. பக்கத்தில் நின்றவளை மட்டும் யாரும் கேட்கவில்லை.

"மேலருந்து ஊர் எப்படி இருந்துச்சு?" என்று கடைசியில் கேட்டது போடில்தான்.

மொரேனா எதையும் பார்த்திருக்கவில்லை. போடிலின் கணுக்கால்களைத்தான் பார்த்தாள். இவ்வளவு காலம் பொத்திப் பொத்தி வைத்ததைக் கொண்டுபோய், செங்கல் சுவருக்கும் இரண்டு கம்பளிக் காலுறைகளுக்கும் செலவழித்துவிட்டாள்.

செப்டம்பரிலிருந்து நவம்பர்வரை அவள் நிம்மதியாகத் தூங்கவில்லை. பட்டத்துக்காக எப்போதோ எழுதிக் கொடுத்திருந்த ஆய்வேடு தொலைந்துபோகும் என்று நினைத்தாள், தொலையவில்லை. அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் செத்துப்போவார் என்று நினைத்தாள், அவருக்குச் சளிகூடப் பிடிக்கவில்லை. நவம்பரில், மகள் வயதுப் பெண்களோடு வரிசையில் நின்று பட்டம் வாங்கினாள். ஓரியானோ ஏப்ரனோடு வந்து கிரீடத்தை வைத்துவிட்டான், அது கொஞ்சம் பெரியதாக இருந்து காதுவரை இறங்கியது. மழை கொட்டியதால் அன்று கோபுரத்தை மூடியிருந்தார்கள். வாசல் பலகை அன்றைக்குத்தான் உண்மையாயிற்று, தபால்காரருக்கு வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த வாரம் மூன்றாம் மாடிக்காரர் மறுபடி முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஓரியானோ மட்டும் டாக்டரம்மாவை விட்டுவிட்டு அவளை மொரேனா என்று கூப்பிட ஆரம்பித்தான். உண்மையாகிவிட்ட பிறகு அதில் என்ன இருக்கிறது என்றான், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

வசந்தத்தில் முதல் கூட்டம் வந்தது, நார்வேக்காரர்கள். பழத்தை அழுத்தினார்கள், மதியம் பால் கலந்து குடித்தார்கள். கோபுரத்தடியில் நின்று அவள் டிக்கெட்டுகளைப் பங்கிட்டாள். ஒருவர் கேட்டார், வழக்கம் போல யாராவது ஒருவர் கேட்பதுதான்: "நீங்க வரலையா?"

மொரேனா வாயைத் திறந்தாள். வாசகம் பாதிவரை வந்துவிட்டது. "நான் ஏற மாட்டேன், நான் இன்னும்..." அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவ்வளவு உறுதியான ஒரு சிரிப்பைத் தொலைத்துவிட்டோமே என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. வேறு காரணம் தேடிப் பார்த்தாள். முட்டிவலி என்று சொல்லலாம், ஆனால் அது மூன்றாம் மாடிக்காரருடையது. கார்லெத்தோ வாசலில் நின்று சுவாரசியமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் ஒண்ணு கொடுங்க" என்றாள் அவரிடம். பிறகு நார்வேக்காரர்களைப் பார்த்து, "போங்க, முன்னாடி போங்க. வந்துதான் தொலையணும்" என்று எங்கள் மொழியிலேயே சொல்லிவிட்டு, அவர்கள் பின்னால் படியேறினாள்.